உப்பும் வில்லும்: பழைய கான்கிரீட் பாலங்களைக் காப்பது பற்றி



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்கப் பாடல், கல்வெட்டு, கோயில் என்று தலைப்பு அமைவது வழக்கம். கான்கிரீட் பாலங்களைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டபோது அமைப்பாளர்கள் தயங்காமல் சம்மதித்தார்கள். அவர்களுக்கு முதல் நன்றி. பாலங்களைப் பரிசோதிப்பதும் பழுதுபார்ப்பதும் என் பிழைப்பு. சென்னையில் கூவம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே நிற்கும் நேப்பியர் பாலத்தை மனத்தில் வைத்துத்தான் இந்த உரையைத் தயாரித்தேன். ஆனால் நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பாலத்தைப் பற்றி யோசிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இந்த மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

பழமை என்றால் நமக்குக் கல்தான் நினைவுக்கு வரும். அதற்கு அடுத்தபடியாக இரும்பு. பாம்பன் ரயில் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது. கான்கிரீட் மட்டும் நேற்று வந்த பொருள், நாளை இடித்துவிட்டு வேறு கட்டலாம் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் கம்பி வைத்த கான்கிரீட் பாலத்துக்கு அமெரிக்காவில் 130 ஆண்டுகளைத் தாண்டிய வரலாறு உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஆல்வர்ட் ஏரிப் பாலம் என்று சிறியதாக ஒன்று இருக்கிறது. எர்னஸ்ட் ரான்சம் என்பவர் 1889-ல் கட்டினார், பாரிஸில் ஈஃபில் கோபுரம் திறந்த அதே ஆண்டில். சதுர இரும்புக் கம்பியை முறுக்கிக் கலவைக்குள் புதைத்தால் இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று கண்டு, 1884-லேயே காப்புரிமை வாங்கியவர் அவர். பாலத்தின் அடிப்பக்கத்தில் நடந்தால் குகைக்குள் தொங்கும் பாறைக் கூம்புகளைப்போல் கான்கிரீட்டையே வார்த்துவிட்டிருப்பது தெரியும். புதுப் பொருள் தன் சொந்த முகத்தைக் காட்டக் கூச்சப்பட்ட காலம் அது. 1906 நிலநடுக்கத்தையும் 1989 நிலநடுக்கத்தையும் தாங்கி, இன்றும் தலையில் சாலையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் உறவினர்கள் இருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது அவசியம் பாருங்கள்.

நியூ ஜெர்சியின் பங்கு இதைவிடப் பெரியது. பக்கத்து வெஸ்ட் ஆரஞ்சில் ஆய்வுக்கூடம் நடத்திய தாமஸ் எடிசன் 1899-ல் சிமென்ட் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வாரன் கவுன்டியில் நியூ வில்லேஜ் என்ற ஊரில் ஆலை. அந்த ஊர் வழியாகப் போகும் 57-ஆம் எண் சாலையில் 1912-ல் ஒரு மைல் நீளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். இந்த மாநிலத்தின் முதல் கான்கிரீட் நெடுஞ்சாலைத் துண்டுகளில் அது ஒன்று. அதே கவுன்டி வழியாக, அதே ஆண்டுகளில், லாக்கவானா ரயில் கம்பெனி 28 மைலுக்குச் சற்று அதிகமான புதுத் தடத்தை மலையைக் குடைந்தும் பள்ளத்தைத் தூர்த்தும் போட்டது. 1908-ல் தொடங்கிய வேலை 1911 டிசம்பர் 24-ல் முடிந்து ரயில் ஓடியது. அந்தத் தடத்தின் பாலங்கள் எல்லாம் கான்கிரீட். பாலின்ஸ்கில் ஓடையைத் தாண்டும் பாலம் 1,100 அடி நீளம், 115 அடி உயரம், ஏழு வளைவுகள். டெலவேர் ஆற்றைத் தாண்டுவது 1,450 அடி.

இந்த இரண்டாவது பாலத்தை இங்கே அமர்ந்திருக்கும் பலர் பார்த்திருப்பீர்கள். 80-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போக்கனோ மலைக்குப் போகும்போது, டெலவேர் வாட்டர் கேப்பை நெருங்கும் இடத்தில், நெடுஞ்சாலை ஒரு பிரம்மாண்டமான வளைவுக்கு அடியில் நுழைந்து வெளியேறும். பின்னிருக்கையில் குழந்தைகள் கேட்டால் பழைய ரயில் பாலம் என்று சொல்லியிருப்பீர்கள். அதில் ரயில் ஓடி நெடுநாளாகிறது. 1979-ல் போக்குவரத்து நின்றது, 1984-ல் தண்டவாளத்தையும் பிடுங்கிப் போனார்கள். 2001-ல் மாநில அரசு தடத்தை வாங்கியது. இப்போது போர்ட் மோரிஸிலிருந்து ஆண்டோவர் வரை 7.3 மைலுக்கு மறுபடி தண்டவாளம் போடும் வேலை நடக்கிறது. அதற்கு மேற்கே இருக்கும் இரண்டு பெரிய பாலங்களும் ஸ்க்ரான்டன் வரை ரயில் விடும் திட்டத்துக்காகக் காத்திருக்கின்றன.

இத்தனை காலம் யாரும் கவனிக்காமல் விட்டும் அவை எப்படி நிற்கின்றன? இதற்குப் பதில் தெரிந்தால்தான் நேப்பியர் பாலத்தின் கவலை புரியும். கான்கிரீட்டைப் பலமாக அழுத்தலாம், தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். பாலின்ஸ்கில் பாலத்தில் வளைவு அடியில் இருக்கிறது, தடம் மேலே போகிறது. ரயிலின் பாரம் வளைவு வழியாக இறங்கித் தூணை அழுத்தி, தூண் பாறையை அழுத்துகிறது. பெரும்பாலும் எங்கும் அழுத்தம்தான். உள்ளே கம்பி கொஞ்சம் துருப்பிடித்தாலும் கான்கிரீட் தன் கனத்தாலேயே சமாளித்துக்கொள்கிறது. மேலே மரம் முளைத்திருக்கிறது, உடம்பெல்லாம் யார் யாரோ பெயரெழுதி வைத்திருக்கிறார்கள், தோல் உரிந்திருக்கிறது. எலும்பு கெட்டியாக இருக்கிறது.

நேப்பியர் பாலம் இதற்கு நேர் எதிர். 1869-ல், ஆளுநர் பிரான்சிஸ் நேப்பியர் காலத்தில், அங்கே முதலில் எழுந்தது இரும்புப் பாலம். இன்று நாம் பார்க்கும் கான்கிரீட் பாலம் 1943-ல், ஆர்தர் ஹோப் ஆளுநராக இருந்தபோது கட்டப்பட்டது. போர்க்காலம். முந்தைய ஆண்டுதான் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னைவாசிகள் மூட்டைகட்டிக்கொண்டு ஊர்களுக்கு ஓடியிருந்தார்கள். உருக்கெல்லாம் போர்முனைக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், கடலலை கேட்கும் தூரத்தில், இப்படி ஒரு பாலத்தைக் கட்டி முடித்தது சாதாரணக் காரியம் இல்லை. எத்தனையோ தமிழ் மேஸ்திரிகளும் கம்பி கட்டியவர்களும் சித்தாள்களும் அதில் உழைத்திருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பாலம்தான் அவர்கள் விட்டுப்போன கையெழுத்து என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூவம் அங்கே தாழ்வாக ஓடுகிறது, கரையும் தாழ்வு. சாலைக்கு அடியில் வளைவு கட்ட உயரம் போதாது. ஆகவே வளைவைச் சாலைக்கு மேலே தூக்கிவிட்டார்கள். வில்லின் இரு நுனிகளும் விலகி ஓடாமல் நாண் இழுத்துப் பிடிப்பதைப்போல், வளைவின் இரு கால்களையும் சாலை மட்டத்தில் ஓடும் உத்திரம் இழுத்துப் பிடிக்கிறது. வளைவிலிருந்து இறங்கும் செங்குத்தான தொங்குகால்கள் சாலையைத் தூக்கிப் பிடிக்கின்றன. அழகு என்று நாம் படம் எடுப்பது இந்த ஏற்பாட்டைத்தான். ஆபத்தும் அதற்குள்ளேதான் இருக்கிறது. நாணும் தொங்குகால்களும் இழுவிசையில் வேலை செய்கிறவை. இழுவையைக் கான்கிரீட் தாங்காது என்று சொன்னேன். அங்கே மொத்தப் பாரமும் உள்ளே இருக்கும் கம்பியின் தலையில். வெளியே தெரியும் கான்கிரீட் அந்தக் கம்பிக்கு ஒரு சட்டை, அவ்வளவுதான். சட்டை கிழிந்து கம்பி அரித்தால் பாலின்ஸ்கில்லைப்போல் 40 ஆண்டு சும்மா நின்றுகொண்டிருக்க இதனால் முடியாது.

கம்பியை அரிப்பது எது? உப்பு. வீடு கட்டியவர்கள் ‘கவர் பிளாக்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். கம்பி சென்ட்ரிங் பலகையைத் தொடாமல் இருக்க அடியில் சின்னச் சின்னக் கட்டைகளை வைப்பார்கள். கலவை ஊற்றியபின் கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே அந்தக் கனத்துக்குக் கான்கிரீட் இருக்கும். புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரத்துக்குள் இருக்கும் வரை கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகித் துருவை அண்டவிடாது. காற்றிலுள்ள கரியமில வாயு மெள்ள மெள்ள உள்ளே புகுந்து காரத்தைக் குறைக்கிறது. உப்பு இன்னும் மோசம். அதிலுள்ள குளோரைடு காரம் இருக்கும்போதே படலத்தைத் துளைத்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளேயிருந்து நெட்டித் தள்ளும். வெளியே மயிரிழை விரிசல் தெரியும்போது உள்ளே விஷயம் முற்றியிருக்கும்.

சென்னைக்கு இந்த உப்பு கடற்காற்றில் வருகிறது. இங்கே நமக்கு லாரியில் வருகிறது. பனி விழும் என்று அறிவிப்பு வந்த உடனே 46-ஆம் சாலையிலும் 287-லும் உப்பு வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. மறுநாள் காரின் கதவோரமெல்லாம் வெள்ளை பூத்திருப்பதைப் பார்க்கிறோமே, அதே உப்புத் தண்ணீர்தான் பாலத்தின் இணைப்பிடை வழியாகச் சொட்டித் தூணின் தலையில் இறங்குகிறது. வங்கக் கடற்கரைப் பாலத்தின் நோயும் நியூ ஜெர்சிப் பாலத்தின் நோயும் ஒன்று. அங்குள்ள பாலத்தை இங்குள்ளவர்கள் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பரிசோதனை என்றால் பெரிய கருவிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கும் முதல் கருவி சுத்தியல். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல் தூணைத் தட்டிக்கொண்டே போவோம். நல்ல கான்கிரீட் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் ‘பொத்’தென்று கேட்கும். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு நகர்வோம். சந்தேகப்பட்ட இடத்தில் துளை போட்டுத் தூளை எடுத்து, எத்தனை ஆழத்தில் எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்போம். அது கம்பியை இன்னும் எட்டவில்லை என்றால் பாலத்துக்கு நேரம் இருக்கிறது என்று பொருள். இந்த நாட்டில் குறைந்தது 24 மாதத்துக்கு ஒரு முறை சாலைப் பாலங்களைப் பரிசோதிக்கும் வழக்கம் பொதுவிதியாக வந்ததற்கும் ஒரு துயரம்தான் காரணம். 1967 டிசம்பரில் ஒஹாயோ ஆற்றின் மேல் சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்தார்கள். தொங்கு சங்கிலியின் ஒரே ஒரு இரும்புக் கண்ணியில் இருந்த விரிசல் அதற்குப் போதுமானதாக இருந்தது. இழுவிசையில் வேலை செய்யும் உறுப்பு எங்கே இருந்தாலும் நான் பதறுவது இதனால்தான்.

கடலோரப் பாலங்களில் எதைக் காக்க முடிந்தது, எதை இழந்தார்கள் என்பதற்கு ஆரிகன் மாநிலத்தைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அங்கே கான்டி மெக்கலா என்ற பொறியாளர் 1920-களிலும் 30-களிலும் பசிபிக் கரையோரம் வரிசையாகக் கான்கிரீட் வளைவுப் பாலங்களைக் கட்டினார். ஒவ்வொன்றும் பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை. வால்ட்போர்ட் ஊரில் 1936-ல் முடிந்த ஆல்சி விரிகுடாப் பாலம் அவற்றில் ஒன்று. உப்பு அதைத் தின்றது. ஒட்டுப்போட்டார்கள், ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்திலேயே மறுபடி துருப்பிடித்தது. கடைசியில் பக்கத்தில் புதுப் பாலம் கட்டி, 1991-ல் பழையதை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அந்த இழப்பு அந்த மாநிலத்தை உலுக்கியது. மிச்சமிருக்கும் பாலங்களையாவது காக்க வேண்டும் என்று, கேப் க்ரீக் என்ற இடத்தில் மெக்கலா 1932-ல் கட்டிய பாலத்தை எடுத்துக்கொண்டார்கள். பெயர்ந்த பகுதிகளைச் சரிசெய்துவிட்டு, கான்கிரீட்டின் மேற்பரப்பில் உருக்கிய துத்தநாகத்தைத் தெளித்துப் படியவைத்தார்கள். பிறகு அந்தத் துத்தநாகத் தோலுக்கும் உள்ளே இருக்கும் கம்பிக்கும் இடையே மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றை இடைவிடாமல் செலுத்தினார்கள். கம்பி அரிபட வேண்டிய இடத்தில் துத்தநாகம் அரிபடுகிறது; கம்பி பிழைக்கிறது. பாலத் தளங்களில் மின்னோட்டத்தால் துருவைத் தடுக்கும் இந்த முறையை 1973-லேயே கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஸ்ட்ராட்ஃபுல் செய்துகாட்டியிருந்தார். ஆரிகன் அதைப் பழைய வளைவுப் பாலங்களுக்குக் கொண்டுபோனது. வெளித்தோற்றத்தில் ஒரு மெல்லிய சாம்பல் நிறம் கூடியதைத் தவிர மெக்கலாவின் வடிவம் அப்படியே இருக்கிறது. நேப்பியர் பாலத்தின் தொங்குகால்களையும் நாணையும் நினைத்துக்கொண்டே இந்த வேலையைப் பற்றிப் படிப்பேன். செய்ய முடியாத வித்தை ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டிலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. துருவை ஆராய்வதற்கென்றே வாழ்நாளைக் கொடுத்தவர்கள் அங்கே உண்டு.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய அரசுப் பணம் செலவாகும் எந்தத் திட்டமும் பழைய சின்னங்களுக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆராய வேண்டும். 1987 முதல் இன்னொரு விதியும் இருக்கிறது. வரலாற்றுப் பாலத்தை இடிக்க நினைத்தால், பொறுப்பேற்றுப் பராமரிக்க முன்வருகிறவர்களுக்கு அதை முதலில் கொடுக்க முன்வர வேண்டும். இரும்புப் பாலங்கள் பலவற்றை இந்த விதி காப்பாற்றியது. ஆணியைக் கழற்றி, துண்டு துண்டாக லாரியில் ஏற்றி, பூங்காவில் கொண்டுபோய்ப் பூட்டிவிடலாம். கான்கிரீட் பாலத்துக்கு இந்த வழி மூடியிருக்கிறது. கழற்ற முடியாது, தூக்க முடியாது. பிறந்த இடத்தில், பிறந்த வேலையைச் செய்துகொண்டு இருந்தால்தான் அதற்கு வாழ்வு. கான்கிரீட் பாலத்தைக் காப்பது என்றால் அதைப் பாலமாகவே வைத்திருப்பது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் பெருகிவரும் வண்டிகளை என்ன செய்வது? பக்கத்தில் இன்னொரு பாலம் கட்டுவது ஒரு நல்ல வழி. டெக்சாஸ்காரர்களுக்குத் தெரியும், டாலஸில் ட்ரினிட்டி ஆற்றின் மேல் ஹூஸ்டன் தெருப் பாலம். 1908 வெள்ளத்துக்குப் பிறகு கட்டி 1912-ல் திறந்த நீண்ட கான்கிரீட் வளைவுப் பாலம் அது. 1970-களில் பக்கத்தில் ஜெபர்சன் பாலம் வந்து பாரத்தைப் பகிர்ந்துகொண்டது. பழையதை யாரும் இடிக்கவில்லை. 2015 முதல் அதன் மேல் டிராம் ஓடுகிறது. நூறு வயதைத் தாண்டிய பாலத்துக்குப் புது வேலை கிடைத்தது. நேப்பியர் பாலத்துக்கும் போன நூற்றாண்டின் இறுதியில் அதே சாயலில் ஒரு துணைப் பாலம் கட்டினார்கள். அந்த முடிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கேரளத்தில் 1924 பெருவெள்ளத்துக்குப் பிறகு மூணாறு போக வழி திறந்து, 1935 முதல் பெரியாற்றின் மேல் நிற்கும் நேரியமங்கலம் வளைவுப் பாலத்துக்கும் இப்போது பக்கத்தில் புதுப் பாலம் எழுகிறது. புதியது திறந்த மறுநாள் பழையதைக் கைகழுவிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. வண்டி ஓடாத பாலத்துக்குப் பராமரிப்புப் பணம் ஒதுக்க எந்தத் துறையும் முன்வராது. லாக்கவானா பாலங்களே அதற்குச் சாட்சி.

2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்தைச் சதுரங்கப் பலகையாக வண்ணம் தீட்டினார்கள். இங்கிருந்தபடி படத்தைப் பார்த்து நாமெல்லாம் பெருமைப்பட்டோம். ஊரே திரண்டு ஒரு பாலத்தின் மேல் ஆசை வைத்த நாட்கள் அவை. அந்த ஆசையைப் பாலத்தின் உடல்நலத்துக்கும் திருப்ப வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மழைத் தண்ணீர் வடிகிற குழாய்கள் அடைபடாமல் இருக்கின்றனவா, குழாயின் வாய் உத்திரத்தைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கிறதா, அல்லது உத்திரத்தின் மேலேயே ஒழுகுகிறதா? ஒவ்வொரு தொங்குகாலின் அடியிலும் குளோரைடு எந்த ஆழம் வரை போயிருக்கிறது? 1943-ஆம் ஆண்டு வரைபடங்கள் எந்த அலுவலக அலமாரியில் இருக்கின்றன, அவற்றை நகலெடுத்து வைத்தாயிற்றா? வண்ணம் பூச ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைகளுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. முடிவுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கோயில் கோபுரத்தில் செடி முளைத்தால் ஊர்க்காரர்கள் கேள்வி கேட்கிறார்கள் அல்லவா, பாலத்துக்கும் அந்த உரிமையோடு கேட்கலாம்.

பழுதுபார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர்ந்த இடத்தில் கடினமான புதுச் சிமென்டை அப்பி, வெள்ளையடித்து மறைப்பது வைத்தியம் ஆகாது. கம்பியின் பின்புறம் வரை பழைய கான்கிரீட்டைக் கொத்தியெடுத்து, துருவைச் சுத்தமாக நீக்கி, பழைய கலவைக்கு இணக்கமான கலவையால் நிரப்ப வேண்டும். நிறமும் மேற்பரப்பின் சொரசொரப்பும்கூடப் பழையதோடு பொருந்த வேண்டும். பலகை வரி தெரியும் பழைய கான்கிரீட்டின் மேல் வழவழப்பான திட்டு ஒன்று பளிச்சென்று தெரிந்தால் அது அந்தக் கைவேலைக்குச் செய்யும் அவமரியாதை. கைப்பிடிச் சுவர் இன்றைய வண்டி மோதலைத் தாங்காது என்றால், அதை இடித்துத் தள்ளாமல் உட்புறமாகத் தனித் தடுப்பு ஒன்றை அமைக்க இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாம்பனில் 1914-ன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். பழையதன் முடிவைப் பற்றி இங்கே பலருக்கும் வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும். அதன் பக்கத்திலேயே 1988-ல் திறந்த சாலைப் பாலம் நிற்கிறது. 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமான கான்கிரீட் பாலம், நாலாபுறமும் உப்பு. ராமேஸ்வரம் போகும் ஒவ்வொரு குடும்பமும் நடுவில் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்க்கும் இடம். அதை வரலாற்றுச் சின்னம் என்று இன்று யாரும் சொல்லவில்லை. 2038-ல் அதற்கு 50 வயது ஆகிறது. அதன் தூண்களில் குளோரைடு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளந்து, அந்த அளவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் பதிவேடு ஒன்றை இப்போதே தொடங்க வேண்டும். இங்கே பாலப் பொறியியலில் இருக்கும் இளைஞர்கள் பலர் இந்த அவையில் அமர்ந்திருக்கிறீர்கள். ஊருக்குப் போகும் விடுமுறையில், அந்த வேலையைச் செய்ய வேண்டிய துறையினரைச் சந்தித்து, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க முன்வாருங்கள். நானும் உங்களோடு வருகிறேன்.